முதல் ஜோடி

விஸ்துலா ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், போலந்து நாட்டில், ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் மாதா கோயிலில் மோதிரம் மாற்றிக்கொண்டால் மட்டும் கல்யாணம் முடிந்துவிடாது. அதன் பிறகு எல்லோரும் சேர்ந்து நடக்க வேண்டும்.

ஓர் ஆண், ஒரு பெண். கைகோத்து ஜோடி ஜோடியாக ஒரு நீண்ட வரிசை. பிடில்காரர் வாசிப்பார். தாளத்தின் முதல் அடிக்கு முழங்காலைச் சற்றே மடித்து, அடுத்த இரண்டுக்கும் நிமிர்ந்து, நிதானமாக நடப்பார்கள். ஆட்டம் அவ்வளவுதான். ஊரார் அதற்கு ஹொட்ஸோனி என்று பெயர் வைத்திருந்தார்கள். நடை என்று பொருள். மாளிகைக்காரர்கள் அதையே பொலொனேஸ் என்றார்கள்.

முதல் ஜோடி போகும் இடத்துக்கெல்லாம் பின்னால் இருப்பவர்கள் போயாக வேண்டும். மேசையைச் சுற்றினால் சுற்ற வேண்டும். வாசலைத் தாண்டிப் பனியில் இறங்கினால் இறங்க வேண்டும். ஆகவே முதல் ஜோடியாக நிற்பது சின்ன விஷயம் இல்லை. அதற்காக அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோன வீடுகள் உண்டு.

அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் வரிசையை ஒழுங்கு செய்து நடத்திவைப்பவர் பிரிகிதா. அவர் தாயார் செய்த வேலை அது. நடையைக் கற்றுக்கொள்ள அவரிடம் பலர் வந்தார்கள். சிலர் வேறு எதையோ கற்றுக்கொள்ள வந்து, நடையோடு திரும்பிப் போனார்கள்.

அவருடைய சீடர்களில் ஒருவர் கஸ்பர். ஆற்றங்கரையில் மாவு ஆலை வைத்திருந்தார். குருவைவிட வயதில் மூத்தவர். மனைவி தெயொஃபிலா இறந்த பிறகு அவரால் ஓரிடத்தில் உட்கார முடியாமல் போயிற்று. சாப்பிடும்போதும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பார். "சும்மா நடப்பதை என்னோடு வந்து நடவும்" என்று பிரிகிதா கூப்பிட்டார். அப்படித்தான் சீடரானார்.

அந்த ஆண்டு கார்த்திகைக் குளிரில் ஒரு வியாழக்கிழமை கஸ்பர் குருவின் வீட்டுக்கு வந்தார். வரவில்லை, ஓடிவந்தார்.

பிரிகிதா பாவாடையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, ஒரு பெரிய மரப்பீப்பாய்க்குள் நின்றுகொண்டிருந்தார். குளிர்காலத்துக்காக முட்டைக்கோஸை நறுக்கி, உப்புப் போட்டுக் காலால் மிதித்துப் புளிக்கவைப்பது அந்த நாட்டு வழக்கம்.

"அம்மா, ஒரே ஒரு கேள்வி."

"காலைக் கழுவிக்கொண்டு வாரும்."

"கேள்விக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்கு இடுப்பு வலிக்கிறது. அதுதான் சம்பந்தம்."

கஸ்பர் காலைக் கழுவிக்கொண்டு பீப்பாய்க்குள் ஏறினார். பிரிகிதா இறங்கி, பக்கத்தில் உட்கார்ந்து நறுக்கத் தொடங்கினார். கஸ்பர் மிதித்த வேகத்தில் பீப்பாய் ஆடியது.

"மெதுவாக. அது முட்டைக்கோஸ், உம் சம்பந்தி இல்லை."

கஸ்பரின் கால் நின்றது. "உங்களுக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும். நீர் சொல்லும்."

சனிக்கிழமை கஸ்பரின் மகள் சலோமியாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை லூட்விக், மேட்டு மாளிகையில் இருக்கும் சிக்மண்ட் ஐயாவின் மகன். ஞாயிற்றுக்கிழமை திருவருகைக்காலம் தொடங்குகிறது. தொடங்கிவிட்டால் கிறிஸ்துமஸ் வரை ஆட்டமும் கிடையாது, கல்யாணமும் கிடையாது.

"இந்த ஆட்டம் அரசவையில் பிறந்ததாம் அம்மா. அவருடைய பாட்டனாரின் பாட்டனார் அரசருக்குப் பின்னால் நடந்தவராம். அதனால் அவரும் அவர் மனைவியும்தான் முதல் ஜோடியாம்."

"நீர் என்ன சொன்னீர்?"

"இது உழுதவன் நடந்த நடை, உட்கார்ந்து தின்றவன் நடந்தது இல்லை என்றேன்."

"அவர்?"

"பாரிஸிலும் டிரெஸ்டனிலும் ராஜகுமாரிகள் இதை ஆடுகிறார்களே, உங்கள் ஊர் உழவனைக் கூப்பிட்டா கற்றுக்கொண்டார்கள் என்றார்."

"நீர்?"

"பொலொனேஸ் என்ற பெயரே வெளிநாட்டான் வைத்தது. நம் ஆட்டம் வெறுங்காலோடு வெளியே போயிற்று, பூட்ஸ் போட்டுக்கொண்டு திரும்பி வந்தது. பூட்ஸைப் பார்த்துவிட்டு என் பிள்ளை என்கிறீரே என்றேன்."

"பரவாயில்லையே. பிறகு?"

கஸ்பர் கீழே பார்த்தார். "மாளிகையில் கூரை ஒழுகுகிறது, பெருமை மட்டும் ஒழுகவில்லை என்றும் சொல்லிவிட்டேன்."

"அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்."

"வாய் முந்திவிட்டது."

"அவர் என்ன சொன்னார்?"

"முதலிடம் தந்தால் மகன் கோயிலுக்கு வருவான், இல்லையென்றால் வரமாட்டான் என்று சொல்லிவிட்டார். சலோமியா நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை." கஸ்பரின் கால் மறுபடி வேகமெடுத்தது. "நீங்கள் சொன்னால் அவர் கேட்பார். அவர் கல்யாணத்தை நடத்திவைத்தது உங்கள் தாயார்தானே. சொல்லுங்கள் அம்மா. இது எங்கே பிறந்தது? மாளிகையிலா, வயலிலா?"

பிரிகிதா ஒரு கோஸைப் பாதியாகப் பிளந்தார்.

"என் தாயார் ஒரு சிப்பாயின் கதை சொல்வார். நம் பக்கத்து ஆள். எங்கோ ஜெர்மன் பக்கம் சாக்ஸனியில் நடந்த சண்டையில் காலில் குண்டு பட்டு, ஒரு விதவையின் வீட்டில் கிடந்தான். புண் ஆறியது, நடக்க வரவில்லை. அவள் தினமும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நடக்கவைப்பாள். வலி தெரியாமல் இருக்க அவன் நம் ஊர் மெட்டை முனகுவான். மடங்காத காலை மடக்குவான், நிமிர்வான். அக்கம்பக்கத்தார் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். அடுத்த கல்யாணத்தில் அந்த ஊரே கையைப் பிடித்துக்கொண்டு காலை மடக்கி நடந்தது. இன்றைக்கும் அங்கே போய்க் கேட்டால், இது எங்கள் ஊரில் பிறந்தது என்பார்கள்."

"பொய்தானே அது?"

"அவன் கால் மறுபடி பிறந்தது அங்கேதானே."

கஸ்பருக்குப் பொறுக்கவில்லை. "இதைக் கொண்டுபோய் அவரிடம் சொன்னால் சிரிப்பார். எனக்கு வேண்டியது ஒரு பதில்."

"சரி, நீரே ஜெயித்தீர் என்று வைத்துக்கொள்வோம். முதலில் நிற்கிறீர். யார் கையைப் பிடிப்பீர்?"

பீப்பாய்க்குள் சத்தம் நின்றது.

மனைவி போன வீட்டில் சாமான்கள் இடம் மாறுவதில்லை. தெயொஃபிலாவின் கல்யாணக் கழுத்துமாலை இன்றும் அவள் மாட்டிய ஆணியில்தான் தொங்கியது. காய்ச்சலில் கிடந்தபோது அவள் கேட்டது ஒன்றுதான். சலோமியா கல்யாணத்தில் நாம் முன்னால் நடக்க வேண்டும். சரி என்று அவர் சொல்லியிருந்தார்.

"யார் கையையும் பிடிக்க மாட்டேன்" என்றார் கஸ்பர். "கையை நீட்டிக்கொண்டு நடப்பேன். அவள் இருக்க வேண்டிய இடத்தை அப்படியே விட்டுவைப்பேன்."

"சிக்மண்டிடம் இதைச் சொன்னீரா?"

"அவருக்கு எதற்கு?"

பிரிகிதா ஒரு கை உப்பை அள்ளி அவர் காலடியில் தூவினார். பிறகு சொன்னார்:

"சனிக்கிழமை அவர் முதலில் நிற்கட்டும். நீர் கடைசியில் நில்லும்."

"கடைசியிலா? யாரோடு?"

"யாரோடும் இல்லை. தனியாக."

"பெண்ணைப் பெற்றவன் அம்மா நான்! ஊர் பார்த்துச் சிரிக்காதா?"

"சிரிக்கும். கல்யாண வீட்டில் நாலு பேர் சிரித்தால் நல்லதுதான்."

"உங்கள் சீடன் என்பதற்காக என்ன வேண்டுமானாலும் சொல்வீர்களா?"

"வேண்டுமானால் இன்றோடு சீடராக இருப்பதை விட்டுவிடும். கோஸை மிதித்து முடித்துவிட்டுப் போம்."

அவர் மிதித்து முடித்தார்.

வெள்ளிக்கிழமை முழுக்கக் கஸ்பர் ஆலைக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். சிக்மண்டுக்கு ஆள் அனுப்பலாம் என்று போவார். வேண்டாம் என்று திரும்புவார். சலோமியா தன் கல்யாணச் சட்டைக்கு நாடா கோத்துக்கொண்டே பார்த்திருந்தாள்.

"அப்பா, தரை தேய்கிறது."

"என் வீட்டுத் தரை."

"நாளைக்கு நடக்க வேண்டியதை இன்றைக்கே நடந்து முடித்துவிடாதீர்கள்." பிறகு தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "அம்மா இருந்திருந்தால் யார் முன்னால் நின்றார்கள் என்றா பார்த்திருப்பாள்? என் நாடா சரியாக இருக்கிறதா என்று பார்த்திருப்பாள்."

கஸ்பர் ஆள் அனுப்பினார். முதலிடம் உங்களுக்கே.

சனிக்கிழமை கோயிலில் மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். ஊரும் மாளிகையும் ஆலையின் தானியக் கொட்டகைக்கு வந்தன. பிரிகிதா வரிசையை நிறுத்தினார். சிக்மண்ட் தன் மனைவி எலியொனோராவோடு முன்னால் நின்றார். வெள்ளைக் கையுறை, முறுக்கிய மீசை. அடுத்தது மணமக்கள். பிறகு உறவுக்காரர்கள், அண்டை வீட்டார், ஊரார். கடைசி ஜோடி பிரிகிதாவும் கோயில் மணியடிக்கும் பாவெலும். அதற்கும் பின்னால் கஸ்பர், தனியாக.

"பின்னால் யாரோ வழி தவறி நிற்கிறார்கள் போலிருக்கிறதே" என்று சிக்மண்ட் தோளுக்கு மேலாகச் சொன்னார். சிலர் சிரித்தார்கள்.

பிடில் எழுந்தது. வரிசை அசைந்தது. கஸ்பரின் காது சிவந்தது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இடுப்பில் வைத்தார், முதுகுக்குப் பின்னால் கட்டினார், தொங்கவிட்டார்.

"அம்மா, இங்கே நான் என்ன செய்வது?"

பிரிகிதா திரும்பவில்லை. "ஜோடி இல்லாதவர் வழக்கமாக என்ன செய்வார்?"

கஸ்பர் நின்றுவிட்டார்.

அந்த நடையில் ஒரு வழக்கம் உண்டு. ஜோடி இல்லாத ஆண் முன்னால் போய், முதல் ஜோடியின் எதிரே நின்று கை தட்டலாம். தட்டினால் முதல் ஆண் தன் ஜோடியை அவனிடம் விட்டுவிட்டுப் பின்வாங்கி, இரண்டாம் பெண்ணின் கையைப் பிடிக்க வேண்டும். இரண்டாம் ஆண் மூன்றாம் பெண்ணிடம் போவான். இப்படியே ஒவ்வொருவரும் ஓரிடம் பின்னால் போக, கடைசி ஆண் வெளியே நிற்பான். பெண்கள் இடம் மாறுவதில்லை. வெளியே நிற்பவன் வீட்டுக்குப் போகலாம், அல்லது முன்னால் ஓடிப் போய்த் தட்டலாம். எல்லோருக்கும் ஜோடி இருந்துவிட்டால் தட்டுவதற்கு ஆளே இல்லை. மாளிகைக்காரர் முன்னால் நிற்கும்போது தட்டுகிற துணிச்சல் அந்த ஊரில் இதுவரை யாருக்கும் வந்ததும் இல்லை.

கஸ்பர் ஓடினார். வரிசையின் ஓரமாக, நாற்காலிகளில் இடித்துக்கொண்டு, முன்னால் போய் நின்றார். கை தட்டினார். ஆலைக்காரரின் கை. கொட்டகை அதிர்ந்தது.

பிடில் ஒரு கணம் தடுமாறியது. எலியொனோரா கணவரைப் பார்த்தார், கஸ்பரைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை நீட்டினார். கஸ்பர் பிடித்துக்கொண்டார்.

சிக்மண்ட் இரண்டாம் இடத்துக்குப் போகவில்லை. வரிசையை விட்டே வெளியேறினார். மேலங்கியை எடுத்தார். "என் வண்டியைப் பூட்டு!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினார். "லூட்விக், வா, போகலாம்."

லூட்விக் அசையாமல் சலோமியாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு அவள் இழுக்க, நடந்தான்.

இப்போது கஸ்பர் முதல் ஜோடி. நினைத்தது கிடைத்துவிட்டது. தலையை நிமிர்த்தி ஒரு சுற்று நடந்தார். ஊர் அவர் பின்னால் வந்தது. அவர் வலப்பக்கம் திரும்பினால் ஊரும் திரும்பியது.

ஆனால் அவருக்குப் பின்னால் மகளின் காலடி தாளம் தப்பியது. ஓர் அடி விழுந்தது, அடுத்த அடி விழவில்லை. கோயிலில் முடிந்த கல்யாணம் வாசலில் முறிவதை அந்த ஊர் பார்த்திருக்கிறது. தகப்பன் ஏறிய வண்டியைப் பார்த்துக்கொண்டே ஒரு பையன் எத்தனை நாள் ஆலைக்காரன் வீட்டுச் சோற்றைத் தின்பான்?

வெளியே குதிரை கனைத்தது.

கஸ்பர் மேசையைச் சுற்றப் போனவர், சுற்றாமல் நேராக வாசலுக்கு நடந்தார்.

"எங்கே போகிறோம்?" என்றார் எலியொனோரா.

"உங்கள் வீட்டுக்காரரை வழியனுப்ப."

படியில் இறங்கினார். பனி கணுக்கால் வரை கிடந்தது. முதல் ஜோடி இறங்கினால் எல்லோரும் இறங்க வேண்டும். மணமக்கள் இறங்கினார்கள். மாளிகை உறவினர்கள் பாவாடையைத் தூக்கிக்கொண்டு, முனகிக்கொண்டே இறங்கினார்கள். பிடில்காரர் தொப்பியைக் காது வரை இழுத்துக்கொண்டு வாசித்தபடியே வந்தார்.

சிக்மண்ட் வண்டியில் ஒரு காலை வைத்திருந்தார். கஸ்பர் வண்டியைச் சுற்றி நடந்தார். வரிசையும் சுற்றியது. தலை வாலைத் தொட்டது. குதிரை நகர இடமில்லை.

"வழி விடும், மாவுக்காரரே."

"நான் எப்படி விடுவது? ஆட்டம் நடக்கிறதே."

"நிறுத்தச் சொல்லும்."

"நிறுத்த முடியாது ஐயா. முதல் ஜோடியை மறிக்க ஒரே வழிதான் இருக்கிறது. உங்கள் பாட்டனாரின் பாட்டனாருக்கும் அது தெரிந்திருக்கும்."

சிக்மண்டின் மீசை துடித்தது. "உம் எதிரே நின்று நான் கை தட்டுவதா?"

"உங்கள் எதிரே நான் தட்டினேனே."

வரிசை இன்னொரு முறை சுற்றியது. எலியொனோரா தன் கணவரைக் கடக்கும்போது சொன்னார்: "தட்டித் தொலையுங்களேன். என் கால் விறைத்துவிட்டது. இந்த மனுஷர் பிடிக்கிற பிடியில் கையும் போய்விடும்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். லூட்விக் தகப்பனைப் பார்க்காமல் நடந்தான். அடுத்த சுற்றில் சலோமியா அவரைப் பார்த்தாள்.

சிக்மண்ட் வண்டியிலிருந்து காலை எடுத்தார். முன்னால் வந்து நின்று தட்டினார். கையுறை போட்ட கை. சத்தமே வரவில்லை.

"கேட்கவில்லை" என்றார் கஸ்பர்.

சிக்மண்ட் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு விரலாகக் கையுறையைக் கழற்றிப் பையில் திணித்தார். பிறகு தட்டினார். கிழவரின் கையானாலும் நல்ல சத்தம்.

கஸ்பர் எலியொனோராவின் கையை அவரிடம் கொடுத்தார். "எடுத்துக்கொள்ளுங்கள் சம்பந்தி."

பின்வாங்கியபோது அவருக்கு மகளின் கை கிடைத்தது. குளிர்ந்திருந்தது. கட்டைவிரல் அவள் தாயுடையதைப் போலவே சற்று வளைந்திருந்தது. இத்தனை நாள் அவர் அதைக் கவனித்ததில்லை. அவள் அவரைப் பார்க்காமல், "நாடா சரியாக இருக்கிறதா அப்பா?" என்று கேட்டாள். அவர் குனிந்து நாடாவைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

அதற்குள் முன்னால் மறுபடி ஒரு தட்டு. கடைசியில் வெளியே தள்ளப்பட்ட மணியடிக்கும் பாவெல், பனியில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடி, சிக்மண்டின் எதிரே நின்றுகொண்டிருந்தார். மாளிகைக்காரருக்கு முதலிடம் பத்தடிகூட நிலைக்கவில்லை.

"என்னய்யா அநியாயம் இது!" என்றார் சிக்மண்ட். ஆனால் இந்த முறை பின்வாங்கினார். மருமகளின் கையைப் பிடித்தார். "இடம் விடும், மாவுக்காரரே."

கஸ்பர் விட்டார். மூன்றாம் இடத்துக்குப் போனார். பிறகு தட்டல்கள் நிற்கவில்லை. செருப்புத் தைப்பவர் தட்டினார், மாளிகைச் சமையல்காரர் தட்டினார், வண்டிக்காரரே குதிரையைக் கட்டிப்போட்டுவிட்டு வந்து தட்டினார். கொட்டகைக்குள் திரும்பி வந்தபோது முதலில் யார் நடந்தார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை.

கஸ்பர் கை மாறிக் கை மாறிப் பின்னால் போய்க்கொண்டே இருந்தார். ரொட்டிக்காரரின் மனைவியின் சூடான கை. சிக்மண்டின் தங்கையுடைய, மோதிரங்கள் நிறைந்த கை. பிறகு தெயொஃபிலாவின் உடலைக் கடைசியாகக் குளிப்பாட்டிய பெண்ணின் கை. அன்றிலிருந்து கஸ்பர் அவரைத் தெருவில் கண்டால் வேறு பக்கம் திரும்பிவிடுவார். இப்போது திரும்ப முடியவில்லை. இருவரும் கொட்டகையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்தார்கள். பிரியும்போது அந்தப் பெண் அவர் விரல்களை ஒரு முறை அழுத்திவிட்டார்.

கடைசியாகப் பிரிகிதாவின் கைக்கு வந்து சேர்ந்தார். முட்டைக்கோஸ் வாசனை இன்னும் போகவில்லை.

"அம்மா."

"சொல்லும்."

"முன்னாலிருந்து பின்னால் வரை வந்துவிட்டேன். அந்தக் கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. இது எங்கே பிறந்தது?"

பிரிகிதா பதில் சொல்வதற்குள் முன்னால் யாரோ தட்டினார்கள். வரிசை முழுக்க ஆண்கள் ஓரிடம் பின்னால் நகர்ந்தார்கள். சிக்மண்ட் மூச்சு வாங்க வந்து, குருவின் கையைப் பிடித்துக்கொண்டார். கஸ்பர் வெளியே நின்றார். வரிசை அவரை விட்டு நகர்ந்து போயிற்று.

"அம்மா, பதில்!"

பிரிகிதா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"முன்னால் போய்த் தட்டும். எங்கே பிறந்தது என்று பிறகு நீர் வந்து எனக்குச் சொல்லும்."